கேப்டன் தோர்வால் புத்தகத்தில் மிஸ்டர் பொம்பாருக்கு என்ன வேலை?

யார் அனுப்பி வந்தீங்க? அதை முதல்ல சொல்லுங்க, அப்புறம் உக்காருங்க. இல்ல இல்ல, உக்காருங்க. வாசல்ல நின்னுக்கிட்டே பேசினா பாக்குறவன் கடன்காரன் வந்திருக்கான்னு நெனப்பான். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு பக்கம் சாயும். இதுல உக்காருங்க.

தினகரன். சரி. ஈரோட்டுல மருந்துக்கடை. சரி. மருந்துக்கடைக்காரருக்கு சிவகாசியில என்ன சோலி? காமிக்ஸ் சேக்குறீங்களா? எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வர்றாங்க தம்பி. போன வருஷம் ஒருத்தன் வந்தான், இதே மாதிரி தோள்ல பை. “ஐயா, உங்க பவளக்கொடி காமிக்ஸ் படிச்சுத்தான் வளந்தேன்”னு கண்ணு கலங்கினான். மனசு எளகிப் போயி பீரோவைத் தெறந்து விட்டேன். பழைய புத்தகத்தை அள்ளிக்கிட்டுப் போனவன் அப்புறம் போனைக்கூட எடுக்கலை. அதனாலதான் கேக்குறேன். தப்பா எடுத்துக்காதீங்க.

சரி, என்னவோ சொன்னீங்களே, திரும்பச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை விருதுநகர்ல உங்க வாசகர் கூட்டம். சவரிராயனுக்குப் பொன்னாடை. அவன் வேண்டாங்கிறான். ஏனாம்? “பொம்பாரை சவரி வரையலைன்னு தனுஷ்கோடி அண்ணாச்சி மைக்ல ஒரு வார்த்தை சொல்லட்டும், அதுக்கப்புறம் போத்துங்க.” அப்படின்னானா? என் பேரைச் சொல்லியே சொன்னானா?

அடேயப்பா. கண்ணுதான் மங்கிப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். திமிரு மங்கலை பாத்தீங்களா!

செண்பகம், ரெண்டு காபி! எனக்கு சீனி கம்மி. என் வீட்டுக்காரிக்கு சவரி பேரைக் கேட்டாப் போதும், அடுப்படியில இருந்தே காது நீண்டுரும். அவ எப்பவும் அவன் பக்கம்தான்.

என்ன நடந்துச்சுன்னு அவன் வாயால கேட்டிருப்பீங்க. இப்ப என் வாயால கேளுங்க. அப்புறம் நான் மைக்ல என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க.

நம்ம பவளக்கொடியோட கதாநாயகன் கேப்டன் தோர்வால். கப்பல்காரன், கழுத்துல சிவப்புத் துண்டு, உங்களுக்குத் தெரியாததா. வெளிநாட்டுக் கம்பெனிகிட்ட முறைப்படி உரிமை வாங்கித் தமிழ்ல போட்டோம், திருட்டுத்தனமா இல்ல. அதே தெருவுல கோமதிநாயகம். மொதல்ல எனக்குப் பங்காளியா இருந்து, அப்புறம் பிரிஞ்சு போயி வெண்கலமணி காமிக்ஸ் ஆரம்பிச்சவன். அவன் வேற ஒரு கம்பெனிகிட்ட மிஸ்டர் பொம்பாருக்கு உரிமை வாங்கினான். வழுக்கைத் தலை, கத்திரிக்கா மூக்கு, கக்கத்துல குடை. அதை வச்சுத் துப்பறியுறானாம். அங்க வெளிநாட்டுல அந்த ரெண்டு கம்பெனிக்கும் போட்டி, இங்க எங்க ரெண்டு பேருக்கும் போட்டி. கோமதிநாயகம் போட்ட புத்தகத்தை நான் கையால தொட்டதில்ல தம்பி. பஸ் ஸ்டாண்டு சுவத்துல போஸ்டர்ல பொம்பாரைப் பாத்ததோட சரி.

சவரிராயன் நம்ம ஆபீஸ் ஆர்ட்டிஸ்ட். அவன் சோலி என்னன்னு கேட்டீங்கன்னா, அங்கேருந்து வர்ற பக்கம் பெருசு, அகலம். நம்ம புத்தகம் சட்டைப்பைக்குள்ள போற அளவு, ஒசரம். அப்படியே சுருக்கினா படிக்கப் பூதக்கண்ணாடி வேணும். அதனால ஒவ்வொரு கட்டமா கத்தரியால வெட்டி, அட்டையில புதுசா அடுக்கி ஒட்டணும். ஒட்டினா மேலயும் கீழயும் இடம் காலியா நிக்கும். அதை பிரஷ்ஷால நிரப்பணும். வானம் பத்தலையா, வானம் போடணும். குதிரை முழங்காலோட நிக்குதா, குளம்பு வரைக்கும் போடணும். அதுல சவரி ராஜா. வெள்ளைக்காரன் கோடு எங்க முடியுது, இவன் கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு ஒருத்தனாலயும் சொல்ல முடியாது. என்னாலயே முடியாது. அதை ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் நான்தான். “எங்க சவரி வரைஞ்சது எது, ஒரிஜினல் எது, கண்டுபிடி பாப்போம்”னு வர்றவன் போறவன்கிட்டல்லாம் பந்தயம் கட்டுவேன்.

ஒரு ஐப்பசி மாசம். ‘பனித் துறைமுகம்’னு தோர்வால் கதை. தீபாவளி மலர், பெரிய புத்தகம். மிஷின்ல ஏத்துறதுக்கு முன்னாடி ப்ரூஃப் பாக்குறேன். கடைசிப் பக்கம். கப்பல் கரைக்கு வருது, துறைமுகத்துல சனங்க கூட்டமா நிக்குது. அந்தக் கூட்டத்துல ஓரமா ஒருத்தன். வழுக்கை. கத்திரிக்கா மூக்கு. கக்கத்துல குடை. தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு நிக்கிறான்.

தம்பி, கேப்டன் தோர்வால் புத்தகத்துல மிஸ்டர் பொம்பாருக்கு என்ன வேலை? அடுத்தவன் உரிமை வாங்கின ஆளு நம்ம பக்கத்துல நின்னா என்ன ஆகும்? கோமதிநாயகம் வக்கீலோட வந்து நிப்பான். வெளிநாட்டுக்காரன் தோர்வாலைப் பிடுங்கிக்கிடுவான். அப்புறம் நான் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிச்சுத்தான் பொழைக்கணும்.

நீங்க வாயைத் தெறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன். வெளிநாட்டுக்காரனே வரைஞ்சிருக்கலாமேன்னுதான கேக்கப் போறீங்க? ஏன் தம்பி, உங்க மருந்துக்கடை வாசல்ல எதிர்க்கடை போர்டை நீங்களே மாட்டுவீங்களா? மாட்ட மாட்டீங்கள்ல? பின்ன அவன் மட்டும் என்ன கிறுக்கனா?

சரி, ஒரிஜினலை எடுத்துப் பாத்துருவோம்னா ஒரிஜினல் எங்க இருக்கு? அதைத்தான் வெட்டி ஒட்டியாச்சே! இன்னொரு செட்டு கேட்டா தீபாவளி போயி பொங்கல் வந்துரும். நான் சும்மா விடுற ஆளா? ஒட்டுன அட்டையை எடுத்துட்டு வந்து ஜன்னல் வெளிச்சத்துல வச்சேன். விரலை எச்சில் தொட்டு அந்த ஆளோட ஷூவைத் தேச்சேன். கை கருத்துருச்சு! அடை மழை நாளு, மை சரியாக் காயலை. அச்சடிச்சு வந்த தாள்ல மை ஒட்டுமா? ஒட்டாது. பிரஷ்ல போட்டாத்தான் ஒட்டும். அந்த ஆபீஸ்ல பிரஷ் பிடிக்கிறவன் யாரு? ஒருத்தன்தான்.

என்னது? முகத்தைத் தேச்சுப் பாத்தீங்களான்னா? முகத்தை எதுக்குத் தேய்க்கணும்? கால் இவன் போட்டதுன்னா முகமும் இவன் போட்டதுதான? காலை மட்டும் ஒருத்தன் வரைவானா?

செண்பகமும் அன்னைக்கு இதையேதான் கேட்டா. காபியை வச்சுட்டுப் போம்மா. அந்தப் பார்வையெல்லாம் வேண்டாம்.

இது மட்டும் இல்ல தம்பி, அந்த மாசம் பூரா அவன் போக்கே சரியில்ல. ஒரு நாள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தான். சோத்து டப்பாவைத் தெறக்கவே இல்ல. எப்பவும் மத்தியானம் நானும் அவனும் சேந்துதான் சாப்பிடுவோம். அவன் வீட்டுக் கருவாடு எனக்கு, என் வீட்டு அவியல் அவனுக்கு. “என்னடா சவரி, ஒடம்புக்கு என்ன?”னு கேட்டா, “பொம்பார் வரையுறவரு செத்துப்போயிட்டாரு அண்ணாச்சி. வெண்கலமணியில போட்டிருக்காங்க”ங்கிறான். நம்ம ஆபீஸ்ல சம்பளம் வாங்கிக்கிட்டு, எதிரி புத்தகத்தை வாங்கிப் படிச்சு, எவனோ ஒரு வெள்ளைக்காரன் செத்ததுக்குப் பட்டினி கெடக்கிறான்! அடுத்த நாளே பஸ் ஸ்டாண்டு டீக்கடையில கோமதிநாயகம்கூட நிக்கிறதை என் ரெண்டு கண்ணால பாத்தேன். ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு என்னவோ பேசுறாங்க. என்ன பேசினான்னு கேட்டா துக்கம் விசாரிச்சானாம். துக்கம்! நீங்களா இருந்தா நம்புவீங்களா?

எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. எனக்குக் கூட்டத் தெரியும்.

ஆபீஸ்ல எல்லாரும் இருக்கும்போதே அட்டையைத் தூக்கி அவன் மேசையில போட்டேன். “இது யாருடா?”

ஒரு நிமிஷம் பாத்தான். சிரிச்சான் தம்பி! பயப்படுவான்னு பாத்தா சிரிக்கிறான். “கண்டுபிடிச்சிட்டீங்களா அண்ணாச்சி”ங்கிறான்.

“கோமதிநாயகம் என்ன குடுக்கிறேன்னான்?”

சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. “அண்ணாச்சி, அந்த ஆளை நான் வரையலை. அங்கேருந்தே வந்தாரு. தோர்வால் போடுறவரே போட்டிருக்காரு. செத்தவருக்கு ஒரு மரியாதை. பாருங்க, தொப்பியைக் கழட்டி வச்சிருக்காரு. வந்தவரு நின்னுட்டுப் போகட்டும் அண்ணாச்சி, விட்ருங்க.”

“போட்டிக் கம்பெனிக்காரனுக்கு மரியாதையா? காதுல பூ சுத்துறியா?”

“படம் வரையுறவனுக்குக் கம்பெனி ஏது அண்ணாச்சி.”

“ஷூவுல மை ஒட்டுதேடா!”னு விரலைக் காமிச்சேன்.

அவன் என் விரலைப் பாத்தான். அப்புறம் பிரஷ்ஷைக் கழுவினான், துடைச்சான், டப்பாவுல வச்சான். “இத்தனை வருஷம் கூட இருந்தும் நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?”ன்னான். நம்ப மாட்டேன்னேன். போயிட்டான். வாங்க வேண்டிய சம்பளத்தைக்கூட வாங்க வரலை. குத்தமில்லாதவன் சம்பளத்தை விட்டுட்டுப் போவானா, நீங்களே சொல்லுங்க?

“மானமுள்ளவன் போவான்.” கேட்டீங்களா, உள்ள இருந்து வருது பாருங்க சத்தம். இதே பேச்சுத்தான் தம்பி, தீபாவளிக்குத் தீபாவளி.

சரி, புத்தகம் வந்தாகணுமே. காலண்டருக்குச் சாமிப்படம் போடுற ஒருத்தரைப் பிடிச்சுட்டு வந்து, “இந்த ஆளை வெள்ளை பூசி அழிச்சுட்டு, வேற யாரையாவது நிப்பாட்டுங்க”ன்னேன். அவரும் ஒரு மீன்காரியை நிப்பாட்டினாரு. அவரு கை என்னைக்கும் போடுறதைத்தான போடும்? கூடையைத் தூக்கிக்கிட்டு மகாலட்சுமி மாதிரி நிக்கிறா. பெரிய கண்ணு, மூக்குத்தி, நெத்தியில பொட்டு. சுத்தி பனி கொட்டுது. நாள் நெருங்கிருச்சு, என்ன பண்றது, அடிச்சு விட்டேன்.

அப்பத்தான் அந்த நாய் விஷயம். அதுக்குத்தான நீங்கல்லாம் அந்தப் புத்தகத்தைத் தேடி அலையுறீங்க. அந்த ஆளு காலடியில ஒரு நாய் உக்காந்திருந்துச்சு, மூணு காலு, அண்ணாந்து பாத்துக்கிட்டு. துறைமுகம்னா நாய் இருக்கத்தான செய்யும்? நான் விட்டுட்டேன். காலண்டர்க்காரரும் விட்டுட்டாரு. அது பொம்பாரோட நாயாம்ல! ஒவ்வொரு கதையிலயும் வருமாம்ல! போஸ்டர்ல நாயைப் போடலையே, எனக்கு எப்படித் தெரியும்? புத்தகம் கடைக்குப் போன மறுநாளே பிடிச்சுது வினை. “பொம்பாரோட நாய் மகாலட்சுமிகிட்ட என்ன கேக்குது?”ன்னு ஊரே சிரிக்குது. கோமதிநாயகம் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, “அண்ணாச்சி, எங்க வீட்டு நாய் உங்க வீட்டுக்கு வந்திருச்சாம், சோறு வைங்க”ன்னுட்டுப் போறான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவமானத்துல ஒரு வாரம் வெளிய தலைகாட்டலை. ஆளை அழிச்சாலும் நாய் இருக்கட்டும்னு சவரி முன்கூட்டியே திட்டம் போட்டிருக்கான் பாருங்க!

கேஸ் போட்டானா? போடலை. கோமதிநாயகம் கேஸ் போடலை. அதுதான் தம்பி எனக்குப் பெரிய சந்தேகமே. ஏன் போடலை? கேஸ்னு வந்தா கூண்டுல சவரி ஏறணும்ல. அதான் அமுக்கிட்டாங்க. சவரியைத் தன்கிட்ட வேலைக்குக் கூப்பிட்டானாம், சவரி போகலையாம். விருதுநகருக்குப் போயி கடை போர்டும் கோயில் கொடியும் எழுதிக்கிட்டு இருந்தான். அதுவும் ஒரு நடிப்பு. போயிருந்தா மாட்டிக்கிடுவான்ல.

“இத்தனை வருஷமாவா நடிப்பாரு?” பாருங்க, மறுபடியும். ஏம்மா, ஒண்ணு இங்க வந்து உக்காந்து பேசு, இல்ல பேசாம இரு.

அவன் போனப்புறம் தோர்வாலும் தேறலை. வந்த ஆர்ட்டிஸ்ட் எல்லாம் குதிரைக்குக் குளம்பு போடச் சொன்னா மாட்டுக் குளம்பு போட்டாங்க. புத்தகம் நின்னு போச்சு. இப்ப லேபிள்தான் அடிக்கிறேன். மத்தியானம் ஆபீஸ்ல ஒத்தையில உக்காந்து சாப்பிடுறேன். கருவாடுன்னாலே எனக்கு இப்பல்லாம் பிடிக்கிறதில்ல.

என்ன அது, பையில இருந்து? இங்கிலீஷா? ஓ, அவங்க பாஷைதானா. ஒரிஜினல் புத்தகமா? ‘பனித் துறைமுகம்’? எங்க பிடிச்சீங்க? கடல் தாண்டி வரவழைச்சீங்களா? யாரு காட்டச் சொன்னா? சவரியா? அவனுக்கு இது உங்ககிட்ட இருக்குறதே தெரியாதா? நெசமாவா?

கண்ணாடியை எடுத்துக்கிறேன், இருங்க. கடைசிப் பக்கம். ம். கப்பல். சனங்க.

இருக்கான்.

வழுக்கை, குடை, தொப்பி எல்லாம் இருக்கு. அதே ஓரத்துல நிக்கிறான்.

தம்பி, இந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல என்ன வேணா பண்ணலாம். தாளைத் தொட்டுப் பாக்குறேன். பழைய தாள்தான். வாசனையும் பழைய வாசனைதான். கீழ என்னவோ பொடி எழுத்துல போட்டிருக்கே, என்ன அது? படிச்சுச் சொல்லுங்க. “போயிட்டு வாங்க, நண்பரே.” யாருக்கு? பொம்பார் வரைஞ்சவருக்கா? தோர்வால் வரைஞ்சவரே எழுதினதா? அவன் கடை போர்டை இவன் தன் கடையிலயே மாட்டி வச்சிருக்கானா? என்ன சனங்கய்யா இது.

இருங்க, இருங்க! அவசரப்படாதீங்க. புத்தகத்தை மூடாதீங்க. இங்க பாருங்க. இந்த ஆளு எதுவரைக்கும் இருக்கான்? முழங்கால் வரைக்கும்தான். கட்டம் அங்கயே முடிஞ்சு போச்சு. ஷூ எங்க? இல்ல. நாய் எங்க? இல்ல! நாயே இல்ல தம்பி! செண்பகம், இங்க வா, வந்து பாரு! நாய் இல்ல! நம்ம புத்தகம் ஒசரம், கீழ இடம் காலியா நின்னிருக்கு. ஷூவைப் போட்டவன், சும்மா இருக்க முடியாம நாயையும் போட்டிருக்கான்! நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? மை ஒட்டுச்சா இல்லையா?

வீட்டுப் பிரதியை எடுத்துட்டு வாம்மா. பீரோவுல இல்ல, என் தலைமாட்டுல இருக்கும் பாரு. ஆங், குடு. பாத்தீங்களா தம்பி, இந்தக் காதைப் பாருங்க, ஒண்ணு மட்டும் மடங்கி இருக்கு. இது சவரி கை. சத்தியமா சவரி கை. என்னமா அண்ணாந்து பாக்குது பாருங்க. எஜமான் எங்கயோ கெளம்பிட்டாருன்னு தெரிஞ்ச மாதிரி பாக்குது. மூணே மூணு கோடு, அந்தக் கண்ணுக்கு. கை ராசிக்காரப் பய.

ஏன் என்னையே பாக்குறீங்க? மைக்ல சொல்லணும், அவ்வளவுதான? சொல்றேன். முழங்காலுக்கு மேல அவன் வரையலைன்னு சொல்றேன், அதுல எனக்கு ஒண்ணும் இல்ல, புத்தகத்துலயே இருக்கு. ஆனா கீழ இருக்கிறதுக்கு அவன் பதில் சொல்லியாகணும். நாயை வரைஞ்சியே, ஏன்டா எங்கிட்டக் காட்டலை? பக்கத்து மேசையிலதான உக்காந்திருந்தேன்? ஒரு அலையைக் கூடுதலாப் போட்டாலும் “அண்ணாச்சி, இங்க பாருங்க”ம்பான் தம்பி. ஒரு காக்காயைப் போட்டாக்கூடக் கூப்பிட்டுக் காட்டுவான். இதை மட்டும் ஏன் காட்டலை? நான் அழிச்சுருவேன்னு நெனச்சுட்டானா? என்னையே சந்தேகப்பட்டுட்டான் பாருங்க, கூட இருந்தவனையே!

ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நீங்க இப்ப போயி அவன்கிட்டச் சொல்லுவீங்க, அவன் பதிலை யோசிச்சு வச்சுக்கிடுவான். அதெல்லாம் வேண்டாம். கார்லதான வந்தீங்க? கெளம்புங்க. செண்பகம், அந்த வெள்ளைச் சட்டையை எடு. அடுப்புல அவியல் இருந்துச்சே, அதை டப்பாவுல போடு. எதுக்கா? மத்தியானம் ஆகுதுல்ல, போற எடத்துல பசிக்காதா?

நீங்க வழி கேக்க வேண்டாம் தம்பி, நான் சொல்றேன். சர்ச் பக்கத்துச் சந்து, பச்சைக் கதவு. அந்தத் தெருமுனை வரைக்கும் நான் எத்தனையோ தடவை போயிட்டுத் திரும்பியிருக்கேன். அவன் என்ன பண்றான்னு வேவு பாக்கத்தான். வேற ஒண்ணுத்துக்கும் இல்ல.